பாலத்தடியில் காந்தப் பாறை

கொக்குகள் இரண்டு நிற்கின்றன, பாலத்தின் மேல், கைப்பிடிச் சுவரை ஒட்டி, என் மோரிஸின் வெளிச்சம் பட்டதும் கழுத்தை நீட்டி என்னைப் பார்க்கின்றன, நானும் அவற்றைப் பார்க்கிறேன், அந்த நேரம் பார்த்து ஹெட்லைட் அணைகிறது, இரண்டும் ஒன்றாக, யாரோ குனிந்து ஊதியதுபோல, கொக்குகள் மட்டும் கண்ணுக்குள் வெள்ளையாகக் கொஞ்ச நேரம் நின்று பிறகு கரைகின்றன, கீழே தாமிரபரணி தன்பாட்டுக்குப் போகிறது, நான் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், எழுபத்தெட்டு வயது, பக்கத்து இருக்கையில் ஆவுடைக்கு வாங்கிய ஆமவடைப் பொட்டலம், ஆவுடை என்றால் என் மனைவி, பின்னால் ஒரு மொபெட் சத்தம், யாரென்று திரும்பிப் பார்க்கவே தேவையில்லை, என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் அணைஞ்சிட்டா, என்கிறான் சொரிமுத்து, ஆமாவே, கொக்கைப் பாத்ததும் அதுக்கு வெக்கம் வந்துட்டு, என்கிறேன், எந்தக் கொக்கு, என்று கேட்டவன் சட்டென்று நிறுத்தி, ஆமா, கொக்கு, கொக்குதான், என்கிறான், சின்ன விளக்கு எரியுதுல்லா, நான் முன்னால போறேன், என் வெளிச்சத்துலயே மெதுவா வாங்க. பங்குனியில் தொடங்கி ஆனி பிறந்த பிறகும் இதே கதை, நான் இருட்டில் நிற்கும்போதெல்லாம் எப்படித்தான் வந்துவிடுகிறானோ, எவ்வளவு நல்ல மனுஷன் என்று உருகிப்போய் ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஒரு வடை கொடுத்தேன், அந்த வடைகளை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

மோரிஸ் என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், மலைமேல் தேயிலைத் தோட்டத்து மானேஜர் ஒருவரிடம் வாங்கியது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வெள்ளத்தில் இதே காரில் ஆற்றுக்குள்ளேயே இறங்கிக் கடந்திருக்கிறேன், தண்ணீர் கூரைக்கு மேல் போனது, ஹெட்லைட் அப்போதுகூட அணையவில்லை, ஒரு வாளைமீன் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று கல்லிடைக்குறிச்சிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டது, நான் கையைக் காட்டினேன், நம்பாதவர்கள் அந்த மீனிடம் கேட்டுக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்ட விளக்கு ஒரு பாலத்தில் அணைகிறது என்றால் யாருக்கும் ரோஷம் வரும், சொரிமுத்துவிடம் சொன்னேன், எங்கள் ஊரில் கார்களின் கரண்டு வேலையெல்லாம் அவன்தான், நாற்பது வருஷமாக இந்த வண்டியில் அவன் கைபடாத ஒயர் கிடையாது, அவன் அம்மா கோயில் வாசலில் பிச்சிப்பூ கட்டியவள், அதனாலோ என்னவோ ஒயர்களைச் சேர்த்துக் கட்டும்போது அவன் டேப் சுற்றமாட்டான், மெழுகு தடவிய நூலில், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று பூக்கட்டுகிற முடிச்சுப் போடுவான், பானெட்டைத் திறந்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். டைனமோ கார்பன் தேஞ்சிருக்கும் அண்ணாச்சி, என்றான், மாற்றினான், அணைந்தது, ஃபியூஸ் கவ்வு லூசா இருக்கு, என்றான், இறுக்கினான், அணைந்தது, பிறகு நானே டெஸ்ட் பல்பை எடுத்துக்கொண்டு படுத்தேன், சின்ன பல்பு, இரண்டு ஒயர், ஒன்றைக் காரின் உடம்பில் வைத்து மற்றதால் ஒவ்வோர் இடமாகத் தொட்டால் கரண்டு இருக்கிற இடத்தில் எரியும், இல்லாத இடத்தில் எரியாது, மனிதர்களுக்கு அப்படி ஒரு பல்பு இல்லையே என்று இன்றைக்கு நினைக்கிறேன், அன்றைக்கு நினைக்கவில்லை, சின்ன விளக்கு எரிவதால் பேட்டரியில் குற்றமில்லை, இரண்டு கண்ணும் ஒன்றாக அணைவதால் பல்பில் குற்றமில்லை, இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஓர் இடத்தில்தான் துரோகம், அது எங்கே, எர்த் கொடுத்த இடங்களையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், கால் சுவிட்சைக் கழற்றிப் பூட்டினேன், வீட்டு ஷெட்டில் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி எரிகிறது, பேட்டரி இறங்கிவிடுமே என்று இரண்டு நிமிஷத்தில் அணைத்துவிடுவேன், மறுநாள் பாலத்தில் கொக்கு, இருட்டு, மொபெட்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை, சாயங்காலம் ஐந்து மணிக்குப் போவேன், நன்றாக இருட்டிய பிறகுதான் திரும்புவேன், அந்தப் பெஞ்சில் உட்காராதவரைக்கும் நான் பென்ஷன் வாங்குகிற ஒரு கிழவன், உட்கார்ந்த பிறகுதான் நான், அங்கேதான் அந்த வாளைமீன் முதலில் வாய் திறந்தது, ஆகவே விளக்கு அணைவதை நான் சும்மா விடவில்லை, பாலத்துக்கு அடியில் காந்தப் பாறை இருக்கிறது என்றேன், பாலம் கட்டிய வெள்ளைக்கார துரையின் பைக் கடிகாரத்தை அது இழுத்துக்கொண்டுவிட்டது, கோடையில் தண்ணீர் வற்றும்போது காதை வைத்தால் இன்னும் டிக் டிக் கேட்கும், அதுதான் என் வண்டியின் கரண்டைக் குடிக்கிறது என்றேன், பெஞ்சு முழுக்க வாயைப் பிளந்தது, அப்போது டீயை ஆற்றிக்கொண்டே சொரிமுத்து சொன்னான், நெசந்தான் வே, போன வாரம் பாலத்து மேல போகையில என் ஸ்க்ரூ டிரைவர் பையிலருந்து எந்திரிச்சு ஆத்துப் பக்கமாச் சாஞ்சுட்டு, நான் பிடிச்சு இழுத்துல்லா உள்ள போட்டேன், என்றான், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, ஒரு பொய்க்கு இன்னொருவன் தோள் கொடுக்கிற சுகம் உங்களுக்குத் தெரியாது. வீட்டில் ஆவுடை மட்டும், அந்தப் பாறை சொல்லுதையாவது கேளுங்க, பொழுது சாஞ்ச பெறவு வண்டி எடுக்காண்டாம், என்றாள், போன ஐப்பசியில் வாய்க்கால் ஓரத்தில் ஒரு சைக்கிள்காரர் என் காருக்கு முன்னால் தண்ணீருக்குள் போனதிலிருந்து அவளுக்கு இதே பாட்டு, அவர் குளிக்கத்தான் இறங்கினார், சோப்பை மறந்துவிட்டார், அவ்வளவுதான், நானே மேலே தூக்கிவிட்டேன், அவர் வைததும் குளிரில்தான்.

ஆனி மாதம் எட்டாம் தேதி, பகல் பதினோரு மணி, ஆவுடை கோயிலுக்குப் போயிருந்தாள், ஷெட்டில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மோர் குடிக்க உள்ளே போனவன் வாசலில் வந்த தபால்காரரிடம் வாளைமீன் கதையை ஆரம்பித்துவிட்டேன், மீன் வழி கேட்டு முடித்துத் திரும்பி வந்தால் விளக்கு அணைந்திருக்கிறது, சுவிட்சு போட்டபடியே இருக்கிறது, ஷெட்டில் பாலம் இல்லை, ஆறு இல்லை, கொக்கு இல்லை, நின்றபடியே நான் யோசிக்கிறேன், டீக்கடையிலிருந்து பாலத்துக்கு ஏழு நிமிஷம், இருபத்தைந்துக்கு மேல் நான் மிதிப்பதில்லை, அது ஊருக்கே தெரியும், அப்படியானால் இடமில்லை, நேரம், விளக்கு ஏழு நிமிஷம் எரிகிறது, ஏதோ ஒன்று சூடாகிறது, அணைகிறது. டெஸ்ட் பல்போடு உள்ளே புகுந்தேன், சுவிட்சில் எரிந்தது, கொஞ்சம் தள்ளி எரிந்தது, டேஷ்போர்டுக்குப் பின்னால் கைக்கே எட்டாத மூலையில் எரியாமல் போனது, விரலை விட்டேன், சுட்டது, தீப்பெட்டி அளவில் ஒரு தகர டப்பா, அதைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்கிறேன், மெழுகு நூல், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, பிச்சிப்பூ. இந்த உலகத்தில் திருட்டு வேலைக்கும் பூ கட்டுகிறவன் ஒருவன்தான். டப்பாவைத் திறந்தால் உள்ளே சூடேறினால் வளைந்து கரண்டைத் துண்டிக்கிற தகடு, சுவிட்சு போட்டிருக்கிறவரை அதைச் சூடாகவே வைத்திருக்க ஒரு துண்டு சுருள் கம்பி, இது கார்ச் சாமானே இல்லையே என்று வெளிச்சத்தில் திருப்புகிறேன், இஸ்திரிப் பெட்டிச் சாமான், எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி பங்குனியில்தான் கெட்டுப்போனது, சொரிமுத்துட்ட குடுத்திருக்கேன், இன்னும் தரல, என்று ஆவுடை சொல்லிக்கொண்டே இருக்கிறாள், மூன்று மாதமாக நான் கசங்கின சட்டையோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ஆக, அவளும். ஐம்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளும், நாற்பது வருஷம் கூடப் படுத்து ஒயர் பார்த்தவனும், என் வீட்டுச் சாமானைக் கொண்டே என் கண்ணை அணைத்திருக்கிறார்கள், அதைவிட, காந்தப் பாறையை நான் கட்டி எழுப்பும்போது அது எதுவென்று தெரிந்துகொண்டே அவன் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான், என்னிடமே.

டப்பாவைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், ஒயரை நேராக முறுக்கிவிட்டேன், ராத்திரி ஏழரைக்கு வாவே, விளக்கைச் சரி பண்ணிட்டேன், பாக்கலாம், என்று சொரிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினேன், நான் முன்னதாகவே போய் வண்டிக்குள் உட்கார்ந்து கொல்லைப்பக்கம் பார்க்க ஹெட்லைட்டைப் போட்டேன், ஏழு நிமிஷம் ஆனதும் அவர்கள் முகம் எப்படிப் போகிறதென்று பார்க்க வேண்டும், அதுதான் என் திட்டம், முருங்கைமரம் தெரிகிறது, துவைக்கிற கல் தெரிகிறது, சற்று நேரத்தில் மரத்தடியில் இரண்டு கொக்குகள் வந்து நிற்கின்றன, பாலத்துக் கொக்குகளேதான், கழுத்தை நீட்டி என்னைப் பார்க்கின்றன, இங்கேயும் வந்துவிட்டதா சனியன்கள் என்று ஹாரனை அடித்தேன், பறக்கவில்லை, மறுபடி அடித்தேன், ஏங்க, எதுக்கு ஹாரன அடிக்கிய, நாங்கதான நிக்கோம், என்றது ஒரு கொக்கு. வெளுத்துப்போன சந்தனக் கலர்ச் சேலை, பக்கத்தில் வெள்ளை வேட்டி, பதினைந்து அடி தூரம்கூட இருக்காது. கை ஹாரனிலேயே இருந்தது. பாலத்து மேல நிக்குதே, அது என்னவே சொரிமுத்து, என்று கேட்டேன், கல்லு அண்ணாச்சி, என்றான், சுண்ணாம்பு அடிச்ச கல்லு, ரெண்டு, எப்பவும் அங்கதான் நிக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஏழு நிமிஷம் தாண்டிவிட்டது, அவர்களுக்கும் தெரிந்துவிட்டது, முகம் எப்படிப் போனதென்று என்னால் பார்க்க முடியவில்லை. பின்னாலயேதான வந்தேன் அண்ணாச்சி, ஒருநா தப்புனேனா, என்றான் அவன், கண்ணு தெரியாதவனுக்கு வெளக்க அணைக்கது எந்த ஊரு வைத்தியம் வே, என்றேன், நெசத்தச் சொன்னா உங்களுக்கு என்னைக்கு ஏறிச்சு, வெளக்கு கெட்டுட்டுன்னா ராத்திரி வண்டிய விட்டுருவியன்னு உங்க வழியிலயே வந்தோம், என்றாள் ஆவுடை, ஒரு தடவ சொல்லிப் பாத்தியா, என்றேன், ஐப்பசியிலருந்து சொல்லுதேன், என்றாள், அது உண்மைதான், ஆனாலும் அந்த ஸ்க்ரூ டிரைவர், சொரிமுத்து, அத எதுக்குவே கொண்டாந்த, என்று கேட்டேன், குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது, நீங்க சொன்னது அவ்வளவு நல்லா இருந்துச்சு அண்ணாச்சி, வாய் தானா வந்துட்டு, என்றான். சட்டைப் பையில் டப்பா நெஞ்சில் குத்துகிறது, எடுத்துக் காட்ட நினைத்து வைத்திருந்தேன், எடுக்கவில்லை, கை தானாகப் போய் சுவிட்சைத் திருகுகிறது, இரண்டும் ஒன்றாக அணைகின்றன, ஏங்க, என்ன ஆச்சு, என்று இருட்டுக்குள்ளிருந்து ஆவுடை பதறுகிறாள், இந்தமுறை நிஜமாகவே பதறுகிறாள், பாறைதான், என்றேன், ஆத்துலருந்து வீட்டுக்கே வந்துட்டு, யாரும் சிரிக்கவில்லை, கண்ணுக்குள் வெள்ளையாக இரண்டு நின்றன, கரைய நேரமாயிற்று.