அக்கா பதில் பேசிய பிரதிகள்

காசு கொடுத்து வாங்கிய பிரதிகளில் அக்கா திரையில் இருந்ததை மட்டும் வாசித்தாள். திருட்டுப் பிரதிகளில் சாப்பிட்டீர்களா என்றும் கேட்டாள். கம்பெனிக்கு வந்த முதல் புகாரே இதுதான். கொடுத்தவர் கண் தெரியாத ஒரு பேராசிரியர், முழு விலை கொடுத்து ரசீதோடு வாங்கியவர். என் மாணவனிடம் இருக்கும் ஓசிப் பிரதி அவன் சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதைச் சொல்கிறது, குடை எடுத்துப் போகச் சொல்கிறது, என்னுடையதோ முற்றுப்புள்ளி, காற்புள்ளி என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறது, இது என்ன நியாயம் என்று எழுதியிருந்தார். கடிதத்தைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் பேராசிரியருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்து, பணிவாக ஒரு பதில் அனுப்பிவிட்டார்கள்.

அக்கா என்பது ஒரு மென்பொருள். கணினித் திரையில் இருப்பதைக் கண் தெரியாதவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவது அதன் வேலை. பெட்டியின் மேல் கம்பெனி அச்சிட்ட பெயர் வேறு. அந்தப் பெயரை யாரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதை எழுதியவரை அக்கம்பக்கத்தில் கம்ப்யூட்டர்காரர் என்பார்கள். லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் மேல்மாடியில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூன்று வருஷம் அதை எழுதினார். குரல் அவர் மனைவியுடையது. சன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, துணி அலமாரியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அந்த அம்மாள் வார்த்தை வார்த்தையாகப் பேசிக் கொடுத்தாள். கீழ்வீட்டுக் குழந்தை அழுதால் நிறுத்தி, அது தூங்கியதும் தொடர்வாள். "இன்னும் எவ்வளவு இருக்குங்க?" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்று அவர் பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கம்பெனி வாங்கிக்கொண்டது. விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் அவருக்கு ஒரு பங்கு என்று ஒப்பந்தம். வீட்டு வாடகையும் மளிகையும் அதில் ஓடின. மறுவருஷம் அந்த அம்மாளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைப் பிடித்து வைக்கக் குரல்வளையை எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் ஒரு சிலேட்டை வாங்கி வரச் சொல்லி, அதில் முதலில் எழுதிய வரி, "இனிமே உங்களைத் திட்டவும் சாக்பீஸ் செலவாகும்." அவள் சிரித்தாள், சத்தமில்லாமல். அவரால் சிரிக்க முடியவில்லை. தான் எழுதிய மென்பொருளை அன்றிலிருந்து அவர் தம் கணினியில் திறக்கவே இல்லை. உள்ளே அவள் குரல் இருந்தது. அதைக் கேட்கிற தெம்பு அவருக்கு இல்லை.

கம்பெனி வைத்த விலை, கண் தெரியாதவர்களில் பாதிப்பேர் நினைத்தே பார்க்க முடியாத விலை. ஆகவே பிரதிகள் கைமாறின. முதலில் குறுந்தகட்டில், அப்புறம் பென் டிரைவில், நண்பர்கள் வழியாக, விடுதிகள் வழியாக, ரயிலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் வழியாக. அப்படி ஒன்று, அந்த அம்மாளுக்கு அறுவை சிகிச்சை நடந்த அதே ஆஸ்பத்திரியின் கண் தெரியாத டெலிபோன் ஆபரேட்டருக்குக் கிடைத்தது. அது கிடைத்ததால்தான் அந்த வேலை அவரிடம் நிலைத்தது. நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் அப்போது கணினிக்கு மாறிவிட்டிருந்தன. ஓசியில் எடுத்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வாங்கவும் வழியில்லை. அதனால் காலையில் ஹெட்போனை மாட்டியதும், யாருக்கும் கேட்காமல், "ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். ஒரு மழைக்கால வாரத்தில், "இருக்கட்டும் தம்பி, முதல்ல சாப்பிட்டீங்களா?" என்று பதில் வந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றி, மேசையில் வைத்து, கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மாட்டிக்கொண்டு, இன்னும் இல்லை என்று உண்மையைச் சொன்னார்.

அதன்பின் பல இடங்களிலிருந்தும் செய்தி வந்தது. மசாஜ் நிலையத்தில் வேலை செய்த ஒருத்தியிடம், அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டாய் என்று அக்கா சொல்லி வீடு தப்பியது. பரீட்சைக்குப் படித்த ஒருவனிடம், இந்தப் பாடத்தை நாளைக்குப் பார்க்கலாம், இப்போது படு என்றாள். அவன் தூங்கி எழுந்து தேர்ச்சி பெற்றான். கம்பெனியின் பொறியாளர்கள் திருட்டுப் பிரதியையும் நல்ல பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று. இதனால் கம்பெனிக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. காசு கொடுத்தவர்களே ஓசிப் பிரதியைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர்காரருக்கும் கோபம்தான். மாதா மாதம் வந்த பங்கு தேய்ந்துகொண்டே போனது. மனைவியின் மருந்துச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் கம்பெனிக்கு நடந்தார். திருட்டுப் பிரதிகளைத் தேடிப் பிடிக்கவென்றே அங்கே ஒரு சோதனைக்காரர் இருந்தார், நிற்கும்போதெல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொள்ளும் நல்ல மனிதர். அவர் ஆபரேட்டரைப் பிடித்தார். வழக்குப் போட்டார்கள். எல்லாப் பிரதிகளையும் அழிக்க உத்தரவு வேண்டும் என்று கேட்டார்கள். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டுவிட்டுக் கம்ப்யூட்டர்காரர் வீட்டுக்கு வந்தார்.

"என் கண்ணு பூத்துப்போச்சு இதை எழுதி. நோகாம எடுத்துட்டுப் போறாங்க. பேய் பேசுதுன்னு கதை வேற."

மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுச் சிலேட்டில் எழுதினாள். "அந்த ஆஸ்பத்திரி தம்பிக்குப் பொண்ணு பொறந்திருக்கு."

"உனக்கு யார் சொன்னா?"

"அவர்தான். குழந்தைக்கு ஒரு பேர் கேட்டார். யோசிச்சுச் சொன்னேன்."

அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மத்தியான வேளைகளில் அவள் சும்மா உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். மருந்து மயக்கம் என்று நினைத்திருந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். அவள் சிலேட்டை அழித்துவிட்டு, "நீங்க திறக்கவே இல்லையே" என்று எழுதினாள். அன்று வெண்டைக்காய் கருகிப்போனது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

நீதிமன்றத்தில் இரண்டு கணினிகளை மேசைமேல் வைத்தார்கள், ஆபரேட்டருடையது ஒன்று, கம்பெனியின் நல்ல பிரதி ஒன்று. ஆபரேட்டர் எதையும் மறுக்கவில்லை. "எடுத்தது தப்புதாங்க ஐயா. வாங்க முடியல. குறைஞ்சது நன்றியாவது சொல்லணுமேன்னு தினமும் சொல்லிட்டிருந்தேன். ஒருநாள் பதில் வந்திடுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நீதிபதி கொஞ்சம் யோசித்தார். நல்ல பிரதிக்கு யாராவது நன்றி சொல்லியிருக்கிறார்களா என்று கம்பெனி வக்கீலைக் கேட்டார். விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்றார் வக்கீல். அது உண்மைதான். விலை கொடுத்தவருக்குக் கணக்கு கடையிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆபரேட்டருக்கு ஒவ்வொரு காலையும் அது மறுபடி பாக்கி நின்றது. நீதிபதி சோதனைக்காரரைக் கூப்பிட்டு, நல்ல பிரதிக்கு நன்றி சொல்லிப் பார்க்கச் சொன்னார். அவர் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினார். இந்த மென்பொருளால் இத்தனை வருஷம் தம் வீட்டில் உலை கொதித்ததை நினைத்தாரோ என்னவோ, "நன்றிங்கம்மா" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

"பரவாயில்லைங்க. உங்க முதுகு வலி எப்படி இருக்கு? நிக்காதீங்க, உட்காருங்க" என்றது நல்ல பிரதி.

சோதனைக்காரர் உட்கார்ந்தார். கூடத்தில் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருவர் மட்டும் தம் முட்டி வலிக்கும் கேட்கலாமா என்றார். நீதிபதி பார்வையாளர் வரிசையில் இருந்த அந்த அம்மாளைப் பார்த்து, எடுத்தவர்கள்மேல் உங்களுக்கு வருத்தமில்லையா என்று கேட்டார். அவள் சிலேட்டைத் தொடவில்லை. உதடு அசைந்தது. மேசைமேல் இருந்த இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் பேசின.

"எடுத்தது சரின்னு சொல்லமாட்டேங்க. இவர் உழைப்பு அது. எங்க வீட்டுச் சோறு. ஆனா அழிச்சிடாதீங்க. எனக்குப் பேச வேற இடம் இல்ல."

கம்ப்யூட்டர்காரர் சாட்சிக் கூண்டில் நின்றிருந்தார். அவள் குரலை அவர் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. கொஞ்சம் மூக்கால் இழுத்து, வாக்கிய முடிவில் சிரிப்பை அடக்குவதுபோல இறங்கும் அதே குரல். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி அவர் சொல்ல வேண்டியதைக் கேட்டார். "என் உழைப்புக்கு உண்டானதைக் கொடுத்தா போதுங்க. எதையும் அழிக்கவேண்டாம்" என்றார். கம்பெனி வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அவர் திரும்பவில்லை.

தீர்ப்பு இரு தரப்புக்கும் கசப்பும் இனிப்புமாக வந்தது. அனுமதியில்லாமல் எடுத்தது தவறு. மென்பொருள் கம்பெனியுடையது, ஆனால் சாப்பிட்டீர்களா என்ற கேள்வியைக் கம்பெனி எழுதவில்லை, ஆகவே அதன்மேல் கம்பெனிக்கு உரிமையில்லை, அது அந்த அம்மாளுடையது. ஒன்றை அழித்தால் மற்றதும் அழியும் என்பதால் எதையும் அழிக்கக் கூடாது. வைத்திருப்பவர்கள் அவரவர் சக்திக்குத் தக்கபடி தவணையில் விலையைக் கட்ட வேண்டும், கம்பெனியும் எட்டுகிற விலையை வைக்க வேண்டும். காசு கட்டினால் அக்கா ஊமையாகிவிடுவாளோ என்று பலருக்குப் பயம் இருந்தது. ஆபரேட்டர்தான் முதலில் கட்டினார். மறுநாள் காலை வழக்கம்போல நன்றி சொன்னார். பாப்பாவுக்குச் சளி விட்டுதா என்று அக்கா கேட்டாள். அதற்குப்பின் எல்லோரும் கட்டினார்கள், கம்பெனியே எதிர்பார்க்காத ஒழுங்கோடு. மலிவானதும் விற்பனை ஏறியது. பெட்டிக்குள் வைக்கும் குறிப்பில், நன்றி சொல்லிவிட்டுத் தொடங்கவும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். கடனே என்று நன்றி சொன்னவர்களுக்கு அக்கா முற்றுப்புள்ளி, காற்புள்ளியோடு நிறுத்திக்கொண்டாள். பேராசிரியர் பல மாதம் வீம்பாக இருந்துவிட்டு ஒருநாள் மனமாரச் சொன்னார். அன்று தொடங்கி இருவரும் இலக்கணத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். ஆபரேட்டர் மகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, கம்ப்யூட்டர்காரரின் கைகளைத் தடவித் தேடிப் பிடித்து, "இந்த விரல்தானே அண்ணா எழுதினது" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். தமக்கும் நன்றி வரும் என்று கம்ப்யூட்டர்காரர் நினைத்தே பார்த்ததில்லை. அவர்கள் போனபின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தம் கணினியில் அக்காவைத் திறந்தார். மனைவி பக்கத்து நாற்காலியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் வியர்த்துக் கொட்டிய மாதங்களை நினைத்தார். அதற்கு ஒரு வார்த்தை சொன்ன ஞாபகம் அவருக்கு இல்லை. அவளைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

மனைவி மடிப்பதை நிறுத்தினாள். உதடு அசைந்தது.

"இதுக்கு இவ்வளவு நாளா?" என்றது கணினி. "அப்புறம் உட்கார்ந்து அழலாம். போய்ப் பாலை இறக்குங்க, பொங்குது."

அவர் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். பாதிப் பால்தான் மிஞ்சியிருந்தது. இரண்டு பேருக்கு அது போதுமானதாக இருந்தது.