வயோலாவின் கோடு

பதிவை வானொலி நிலையத்துக்கு அனுப்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எங்களிடம் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்றைத்தான் அனுப்ப முடியும்.

வாசித்தவர்கள் நான்கு பேர். அத்தை முதல் வயலின், சித்தப்பா இரண்டாவது வயலின், அண்ணன் செல்லோ, அப்பா வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா. நான் வாசிப்பதில்லை. இயற்பியல் படித்தவள் என்பதால் மைக் வைப்பது என் வேலை. வீட்டில் என்னை மீட்டர் என்பார்கள்.

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, கதவில் மெத்தையைச் சாய்த்து, ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் பதிவு செய்வோம். திரும்பப் போட மறக்காமலிருக்க அண்ணன் தன் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைப்பான். இந்த வகை இசைக்கு அறை இசை என்று பெயர். தாத்தாவிடம் அறை வாங்கிக் கற்றுக்கொண்டதால் வந்த பெயர் என்று சித்தப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் அவர் மட்டும் சிரிப்பார்.

முதல் பதிவில் வயோலா பல இடங்களில் சுருதி இறங்கியிருந்தது. இரண்டாவதில் ஒரு பிசிறும் இல்லை. காரணம் என் திரையில் இருந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக், திரையில் தனிக் கோடு. இரண்டாவது பதிவில் வயோலாவின் கோட்டில், மற்ற மூவரின் ஒலி கொஞ்சம் கசிந்திருந்ததைத் தவிர, எதுவும் இல்லை. அப்பா வில்லை நரம்பில் படாமல் கடைசிவரை அசைத்திருக்கிறார். மற்றவர்கள் தங்கள் இசைக்குறிப்புத் தாளிலேயே கண்ணாக இருந்திருக்கிறார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவின் நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் மூவர் வாசித்தது நால்வர் பெயரில் போகும்.

இரண்டையும் போட்டுக் கேட்டோம்.

"ரெண்டாவதுதான்," என்றார் அத்தை. "தம்பி, இன்னிக்குத்தான்டா நீ மத்தவங்களக் காது குடுத்துக் கேட்டு வாசிச்சிருக்க."

அப்பா அத்தையின் உதட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"வயோலா என்ன அடக்கம்," என்றார் சித்தப்பா. அப்பாவின் தோளைத் தொட்டுத் திருப்பினார். "அண்ணே, அந்தக் கடைசிப் பக்கத்துல என்னண்ணே பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்."

அண்ணன் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "மீட்டர், ரெண்டாவதுதானே?"

"முதல் பதிவு," என்றேன்.

"அதுல அப்பா அங்கங்க வழுக்கியிருக்காருடி."

"ஆமா. வழுக்கியிருக்கார்."

"அப்புறம் எதுக்கு அது?"

நான் கதவிலிருந்த மெத்தையைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

"இவ வாயத் தெறந்ததே பெருசு," என்றார் அத்தை. "காரணமும் கேட்டா புள்ள மயங்கி விழுந்துரும். நீ அனுப்புடா."

அண்ணன் இரண்டாவது பதிவைத் தேர்ந்தெடுத்தான். திரையில் அதன் பெயர் நீலமானது. அப்பா எழுந்து வந்து கணினியை மூடினார். அண்ணனின் விரல்கள் உள்ளே மாட்டிக்கொண்டன.

"அதுல மூணு பேர்தான்," என்றார் அப்பா. அந்த அறைக்குத் தேவையானதைவிடச் சத்தமாகச் சொன்னார்.

"நாலு பேர்ப்பா," என்றான் அண்ணன், விரல்களை உருவிக்கொண்டே.

அப்பா அவன் வாயையே பார்த்தார்.

"நான் வாசிக்கல. வில்லை சும்மா ஆட்டிட்டு இருந்தேன். தப்பா வாசிக்கிறதுக்கு அது மேல்னு தோணுச்சு."

யாரோ எதுவோ கேட்டார்கள். யார் என்று அப்பா ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"எனக்குக் காது கேக்கல," என்றார்.