மேட்டில் தோண்டிய குழி

நிலத்தடி எரிவாயுக் குழாயில் விரிசல் எங்கே விழும் என்று கணிப்பது அவள் வேலை. அவள் காட்டும் இடத்தில் குழி தோண்டுவது ஒப்பந்தக்காரனான அவள் அண்ணன் வேலை. அவனைச் சிபாரிசு செய்த புண்ணியவதியும் அவளேதான்.

இந்த முறை அவள் காட்டியது ஒரு களிமண் பள்ளம். குழாயின் மேல் சுற்றிய டேப் உரிந்து, அடியில் ஈரம் தேங்கினால், உள்ளிருக்கும் அழுத்தத்தில் இரும்பு மயிரிழை மயிரிழையாய் விரிசல் விடும். விரிசல்கள் சேர்ந்தால் குழாய் பிளக்கும். தோண்டிப் பார்க்கும்வரை அழுத்தத்தைக் குறையுங்கள் என்று மேலாளரிடம் தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

குழாயில் ஒரு கீறல்கூட இல்லை என்று அறிக்கை வந்தது. மேலாளருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. அவளோ புகைப்படத்தில் மண்ணைப் பார்த்தாள். காய்ந்த சரளை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"எங்க தோண்டினே?"

"பக்கத்து மேட்டுலதான். பள்ளத்துல பொக்லைன் புதைஞ்சிடும். ரெண்டும் ஒரே குழாய்தானே?"

"குழாய் ஒண்ணுதான். மண்ணு ஒண்ணா? நோகாம நொங்கு திங்கப் பாத்தியா?"

மறுநாள் மேலாளரிடம் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். "சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்கம்மா. அறிக்கை சுத்தமா இருக்கு."

அழுத்தம் குறையவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று அண்ணன் பேச்சை நிறுத்தினான். மேலாளர் பெருந்தன்மையாக, மழையில் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்டும் வேலையையும் அவனுக்கே கொடுத்தார். தரை காய்ந்ததும் இறங்கினான். அவன் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் குழாய் பிளந்தது.

மருத்துவமனை வராந்தாவில் மேலாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னது அச்சு அசலா நடந்திடுச்சேம்மா! உங்க கணிப்பு முறையை எல்லா ஊர் ஆபீசுக்கும் அனுப்பப்போறோம்." அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. கையை உதறிவிட்டு உள்ளே போனாள்.

முகம் முழுக்கக் கட்டு. அவள் குரல் கேட்டதும் அண்ணன் பேசினான், எத்தனையோ நாளுக்குப் பிறகு.

"மொதல்ல நான் மேட்டுல தோண்டின எடம்... அங்க ஒண்ணும் ஆகலையே?"

"இல்லண்ணா," என்றாள். "அங்க குழாய் புதுசு மாதிரி இருக்கு."