தலைகீழாகத் தொங்கிய அடினியம்

மதிலுக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் ரசலையன், மஸ்கட் வேலையை விட்டுவிட்டு இரணியலுக்குத் திரும்பியபோது, பேரீச்சம்பழத்தோடு ஒரு பொட்டலம் விதையும் கொண்டுவந்தார். ஒன்றுதான் முளைத்தது. அடினியமாம், பாலைவன ரோஜா. பதினோரு வருஷமாகியும் என் முட்டளவு உயரமில்லை. அடித்தண்டு மட்டும் சேனைக்கிழங்குபோல உப்பிக்கொண்டே வருகிறது. கறிவைக்க முடியாது, பால் விஷம். மனைவி குளோரியின் பிறந்தநாளை மறப்பவர், இதன் இடுப்பை மட்டும் மாதாமாதம் நூல் பிடித்து அளப்பார்.

பங்குனியில் ஒருநாள் பார்த்தால், அதைச் சட்டியிலிருந்து பிடுங்கி, வேரை நறுக்கி, பலாக்கொம்பில் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார். மறுநாளே மகளின் பிரசவத்துக்கென்று இருவரும் பெங்களூர் போய்விட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டையா, செய்வினையா, செடிதான் செத்துவிட்டதா? ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் கேட்டைத் திறந்துபோய், அவிழ்த்து, சட்டியில் சாணம் போட்டு ஆழமாக நட்டேன். கிழங்கென்றால் மண்ணுக்குள்தானே இருக்க வேண்டும்?

பத்தாம் நாள் வந்தவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஆருக்க வேலை இது?”

“நான்தான் மக்கா. சாவாம காப்பாத்தினேன்.”

“நேசபாய் அக்கா, அடி பெருக்கணும்னு வெட்டின வேரு ஈரம் போயி உணங்கத்தானே கெட்டித் தூக்கினேன்! வெள்ளம் விட்டியளா?”

“ரெண்டு நேரமும் தண்ணி ஊத்தினேன்.”

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு டெங்கு வந்தப்பகூட இந்த மனுஷன் இப்பிடி இருக்கல்ல,” என்றாள் குளோரி.

தோண்டி எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். ஒரு பக்கம் பொதுக்கென்று உள்ளே போனது. அழுகலைக் கத்தியால் வெட்டி வெட்டி, வெள்ளைச் சதை தெரியும்போது சிரட்டையளவு குழி. மஞ்சள்பொடி அப்பி மறுபடி தொங்கவிட்டார். இந்தத் தடவை என் மதிலோரக் கொம்பில்.

“உங்க கண்ணு இங்கதானே கெடக்கு. தெனமும் அமுக்கிப் பாருங்க. மெத்துன்னு இருந்தா போச்சு. கல்லு மாதிரி இருந்தா பொழச்சுது. வெள்ளம் மட்டும் வேண்டாம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

பதினைந்து நாள் அமுக்கினேன். சிலநாள் மெத்தென்றிருந்தது செடியா என் விரலா என்றே குழப்பம். பதினாறாம் நாள் சந்தேகமே இல்லை.

“தம்பி, கல்லுபோல இருக்கு!”

இடுப்புத் துண்டோடு ஓடிவந்தார். அமுக்கினார், திரும்பவும் அமுக்கினார், சிரித்தார்.

“அந்தக் குழி எப்ப மூடும்?”

“எட்டுப் பத்து வருஷம் ஆவும் அக்கா.”

அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு வயது அறுபத்தெட்டு. ஏனென்று தெரியவில்லை, “செரி, பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டேன்.