எப்சிபாவின் வெள்ளிக் கெண்டி

சகலரும் அறிய வேண்டியது: ஆயிரத்து எழுநூற்று எழுபத்து நாலாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மாசசூசெட்ஸ் மாகாணத்து இப்ஸ்விச் நகரில், உலக சரித்திரத்தையே புரட்டிப் போடவிருந்த சம்பவம் ஒன்று நடந்தது. எப்சிபா அம்மாளின் வெள்ளித் தேநீர்க் கெண்டி பாஸ்டன் தட்டானிடமிருந்து வந்து சேர்ந்தது.

லட்சணத்துக்குக் குறைவில்லை. பேரிக்காய் வயிறு, அன்னக் கழுத்து மூக்கு, கை சுடாமலிருக்கக் கருமரப் பிடி. வயிற்றின் மேல் குடும்பச் சின்னமாக ஒரு சிங்கம். மூன்று தலைமுறையாகக் கருவாடு விற்ற குடும்பத்துக்குச் சிங்கம் ஏது என்று கேட்கக் கூடாது. தட்டானின் மாதிரிப் புத்தகத்தில் பிடித்ததைத் தொட்டுக் காட்டினால் செதுக்கித் தருவான். வீட்டிலிருந்த வெள்ளிக் கரண்டி, காசு எல்லாம் உருக்கப் போய்விட்டன. கணவர் அபியா அன்று முதல் ஈயக் கரண்டியால்தான் கஞ்சி குடிக்கிறார்.

அத்தனையும் எதற்கு? நாத்தனார் கெசியா இந்தக் கெண்டி சாய்வதை ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்து வயிறெரிய வேண்டும்.

ஆனால் தட்டான் தட்டிக்கொண்டிருந்த மாதங்களில், இங்கிலாந்து ராஜா தேயிலைக்குப் போட்ட வரியை எதிர்த்து இனித் தேநீரைத் தொடுவதில்லை என்று ஊரே சத்தியம் செய்துவிட்டது. ஊரோடு ஒத்து எப்சிபாவும் கையெழுத்திட்டிருந்தாள், அதுவும் முதல் ஆளாக.

அவள் சோர்ந்துவிடவில்லை. தேயிலைக்குப் பதிலாக ராஸ்பெர்ரி இலையைக் காயவைத்துக் கொதிக்க விட்டு, கெசியாவையும் அக்கம்பக்கத்துச் சீமாட்டிகளையும் அழைத்தாள். கெண்டியைத் தூக்கினாள். சாய்க்கப் போனாள். வாசலில், சத்தியத்தை யாரும் மீறாமல் பார்க்க ஊர் வைத்த கண்காணிப்புக் கமிட்டியின் ஆள், தேவாலய டீக்கன் ஒபதியா நின்றார்.

"கெண்டியில என்னம்மா?"

"ராஸ்பெர்ரி இலை, ஐயா."

"பிடிபட்ட எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. இவ்வளவு பளபளப்புக்குள்ள வேலியோரத் தழையப் போடுவாங்களா யாராச்சும்?"

"குடிச்சுத்தான் பாருங்களேன்!"

டீக்கன் இரண்டடி பின்வாங்கினார். "குடிச்சா எனக்கு எப்படித் தெரியும்? தேயிலை ருசியே மறந்துபோச்சு."

"கெசியா, நீயாவது சொல்லேன். போன வருஷம் வரைக்கும் பானை பானையா குடிச்சவதானே!"

"ஐயையோ, நானா? பாலத் தவிர எதையும் தொட்டதில்லையே, அண்ணி!"

சீமாட்டிகள் அனைவரும் விட்டத்தைப் பார்த்தார்கள். இது தேநீர் இல்லை என்று சாட்சி சொல்ல, தேநீர் எப்படியிருக்கும் என்பது நினைவிருக்க வேண்டும். ஊரில் ஒரு நாக்குக்கும் நினைவில்லை.

டீக்கன் தீர்ப்புச் சொன்னார். "சந்தேகத்துக்கு இடமானது. இனி எந்த இலையும் அதுல போகக் கூடாது. போனா பேரு பத்திரிகையில வரும்."

"அப்ப காப்பி ஊத்துறேன்!" எப்சிபா விடவில்லை.

"காப்பிய உயரக் கூஜாவுலதான் ஊத்துவாங்க, அண்ணி. வெள்ளியில, எங்க வீட்டுல இருக்கே, அந்த மாதிரி," என்றாள் கெசியா கனிவாக.

எப்சிபா பல்லைக் கடித்தாள். கெண்டியைக் கொல்லையில் கவிழ்த்துக் கழுவினாள். அடுப்பிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்து, சிங்கம் கெசியாவைப் பார்க்கும்படி திருப்பி, முதுகை நிமிர்த்தி, கோப்பை கோப்பையாக ஊற்றினாள். டீக்கன் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

"சர்க்கரை போடட்டுமா, கெசியா?"

"ரெண்டு கட்டி, அண்ணி."

எல்லாரும் வெந்நீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.