துச்சாதனன் இழுத்த போர்வை

போர்வையை அவ்வளவு பலமாக இழுத்திருக்கக் கூடாது. அக்கா வரைகிற படத்துக்குத் துச்சாதனனாக நின்றேன்; கையில் வெறி தெரியணும் என்றாள். எனக்கோ சொன்னதற்கு மேல் ஒரு பிடி கூடுதலாகச் செய்தே பழக்கம். மறுமுனையை, படத்தை நிறுத்தியிருந்த மரத்தாங்கியின் காலில் கட்டியிருந்தாள். தாங்கி சாய்ந்தது. ஆளுயரத் திரௌபதி குப்புற என் மேல் விழுந்தாள்.

எழுந்து பார்த்தபோது அவள் முகம் என் பனியனில் இருந்தது. படத்தில் கழுத்துக்கு மேலே வெறும் வண்ணச் சேறு.

அக்கா கத்தவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"கீழ லாரி நிக்குதுடா," என்றாள்.

புதிய நீதிமன்றத்தின் முகப்புச் சுவருக்கான படம். காலையில் திறப்பு விழா. இத்தனை வருடம் வீட்டுக் கூடங்களுக்கும் ஓட்டல் வரவேற்பறைகளுக்கும் புராணப் படம் வரைந்தவளுக்குக் கிடைத்த முதல் பெரிய சுவர். சபை நடுவே நின்று கேள்வி கேட்கிறவளைத்தான் அங்கே மாட்டணும் என்று சண்டை போட்டு வாங்கியிருந்தாள். இன்று போகாவிட்டால் நீர்வீழ்ச்சிப் புகைப்படம் ஒன்றை மாட்டிவிடுவார்கள். அதற்குச் சட்டம்கூடப் போட்டாயிற்று.

எதிரே ஆள் நிற்காமல் அக்காவுக்கு முகம் வராது. அவளுடைய அசுரர் குலம் முழுக்க நான்தான், மூக்கு அப்படி. திரௌபதி என் மனைவி. போன வாரம் முகத்தை முடித்த அன்றோடு அவள் இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். அதனால்தான் போர்வையின் மறுமுனை தாங்கியின் காலுக்குப் போனது. அக்கா பூசுகிற கனத்துக்கு அந்த முகம் காயவும் இல்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால் அவள், "வேலை இருக்கு" என்பாள். அக்காவைக் கேட்டால், "அவளையே கேளு."

மனைவியிடம் போனில் கெஞ்சினேன்.

"அண்ணிக்காக வரேன்," என்று வைத்துவிட்டாள்.

வந்தாள். பலகை மேல் ஏறி நின்று ஜன்னலைப் பார்த்தாள். அக்கா சேற்றைக் கத்தியால் வழித்துவிட்டு வரைந்தாள், துடைத்தாள், மறுபடி வரைந்தாள்.

"இது பஸ்ஸுக்கு நிக்கற முகம்மா. அன்னிக்குப் பாத்தியே, அந்தப் பார்வை வேணும். அவனைப் பாரு."

"வேணாம் அண்ணி."

லாரிக்காரர் மாடியேறி வந்து தலையை நீட்டினார். "ஏத்தலாமா மேடம்?"

"ஈரத்தோடதான் தருவேன். உள்ள எதுவும் படாத பெட்டிதானே? கொஞ்சம் பொறுங்க."

"அங்க கேட்டைப் பூட்டிட்டாங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அக்காவின் கழுத்தில் வியர்வை இறங்கியது. போர்வை நுனியைப் பிடித்தபடி நின்ற எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"ஜோக் அடிக்காதீங்க."

"சரி, நான் என்னதான் பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல."

"அக்கா ஏதாவது சொன்னாளா?"

"டேய், என்னை இதுல கோக்காத," என்றாள் அக்கா.

கீழே ஹார்ன் அடித்தது. போர்வையைக் கீழே போட்டேன்.

"படம் போனா போகுது. நீ ஏன் என்னைப் பாக்க மாட்டேங்கற? அதைச் சொல்லு."

அக்காவின் பிரஷ் அந்தரத்தில் நின்றது. மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அசுரர் குலம் மொத்தமும் ஒரு அடி பின்வாங்கியது.

"அசையாதம்மா," என்றாள் அக்கா, தொண்டைக்குள். பிரஷ் ஓடத் தொடங்கியது.

"பாக்கவே பயமா இருக்குங்க," என்றாள் மனைவி, கண்ணை எடுக்காமல். "என் தையல் ரூமை உங்க சித்தப்பா பையனுக்குக் குடுத்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. எல்லாரும் உக்காந்திருக்கறப்போ, 'இவளுக்கென்ன, அடுப்படி மூலையில மெஷினைப் போட்டுத் தெச்சுக்குவா'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அடுத்த நாள் இங்க வந்து நின்னா, உங்களை வெறுப்போட பாருன்னாங்க அண்ணி. பாத்தேன். நடிக்கவே தேவைப்படலைங்க. அதான் வரல."