பாப்பா வீடு

நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குள் போய்த் தங்கையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிரிட்ஜ் மெக்கானிக்குக்கு அன்று வேறு எந்த நினைப்பும் இல்லை. காலையில் தங்கை புருஷன் போனில் சொன்னது கொஞ்சம்தான்: "பாப்பா போயிட்டா மச்சான். தூக்கத்துலயே நெஞ்சு நின்னுபோச்சு. நாலு மணிக்கு மேல வைக்க முடியாது." அப்புறம் அழுகைதான் கேட்டது.

கல்யாணமாகி அவள் அந்தக் காட்டுப் பண்ணைக்குப் போன நாளிலிருந்து, இதோ வரேன் அதோ வரேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டிய மகராசன் இவன். ஊரார் வீட்டு பிரிட்ஜுக்கெல்லாம் ஓடுவான். தங்கை வீட்டு வாசலை மிதிக்க மட்டும் நேரம் வாய்க்காது. "லொகேஷனாவது அனுப்பு, அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்" என்று ஒருமுறை கேட்டான். அவளும் நம்பி அனுப்பினாள். அதற்கு 'பாப்பா வீடு' என்று பெயர் போட்டுச் சேமித்தான். அதோடு சரி.

இன்றைக்கு அந்தப் பெயரைத் தொட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். மனைவி போனை மடியில் வைத்துக்கொண்டு வழி சொன்னாள். சாலை இரண்டாகப் பிரியும் முக்கில் ஒரு டீக்கடை இருந்தது. வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க, இறங்கி ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"எதுக்கு? போன் இடது பக்கம்னு சொல்லுதுல்ல?"

"கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

"பாப்பா அவ கையால அனுப்பினது இது. அவ வீடு அவளுக்குத் தெரியாதா? நீ பேசாம வா."

இடது பக்கம் திரும்பினான். கொஞ்ச தூரத்தில் தார் போய் மண் பாதை வந்தது. டவரும் போய்விட்டது. படத்தில் நீலப்புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. கார் அடிவயிறு கல்லில் உரச உரச ஊர்ந்தது. கடைசியில், சேருமிடம் வந்துவிட்டது என்றது போன்.

வீடுமில்லை, கூட்டமுமில்லை. எதிரே ஒரு கரடு. அதன் உச்சியில் ஒரு தட்டைப் பாறை, பக்கத்தில் ஒற்றை மரம். வீடு அந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்து விறுவிறுவென்று ஏறினான். பாதி வழியிலேயே மூச்சு இரைத்தது.

மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரைத் தேடறீங்க?"

"என் தங்கச்சி வீடு... இங்கதான்னு போன் காட்டுது."

"இங்க ஏதுங்க வீடு? இது நாங்க போன் பேசற பாறை. சுத்துவட்டாரத்துல இங்க மட்டும்தான் டவர் எடுக்கும். வீடு அதோ, ஓடைக்கு அந்தப் பக்கம். கார்ல போகணும்னா டீக்கடை முக்குக்கே திரும்பிப் போகணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "நீங்கதான் அந்த அண்ணனா?"

அவன் தலையாட்டினான்.

"ஞாயித்துக்கிழமை ஆனா உங்க தங்கச்சி வந்துடும் பாவம். இருதயம் சரியில்ல, மேடு ஏறாதேன்னு புருஷன் கத்துவாரு. கேட்டாத்தானே! ஏறி வந்து இந்தக் கல்லுல உக்காந்து, மூச்சு அடங்கினப்புறம்தான் நம்பரைப் போடும். மூச்சு வாங்கினா எங்கண்ணன் குண்டம்மான்னு கேலி பண்ணும்னு சிரிக்கும்."

அடப்பாவி! ஆமாம், சொல்லியிருக்கிறான். முதல் தடவை அவள் இரைக்க இரைக்கப் பேசியபோது, "மூக்கு முட்டத் தின்னா இப்படித்தான்டி குண்டம்மா" என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவள் குரல் நிதானமாகவே வந்தது. உடம்பைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை, இவனும் கேட்கவில்லை. "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனை வைத்திருப்பான்! அத்தனை ஞாயிறும் அவள் இவ்வளவு மேட்டையும் ஏறித்தான் வந்திருக்கிறாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம், பாடையைச் சுமந்த கூட்டம் குழியை நெருங்கியிருந்தது.

"ஏங்க, பார்த்துப் போங்க!" என்று கீழிருந்து மனைவி கத்தினாள். அவன் ஒற்றையடிப் பாதையில் ஓடினான். முள் கிழித்தது. ஓடையில் முழங்கால் நனைந்தது. அக்கரை மேட்டில் கையூன்றி ஏறினான்.

போய்ச் சேர்ந்தபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள்.

தங்கை புருஷன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டான். "பாறைக்கு ஏறிப் போய் எத்தனை தடவை கூப்பிட்டேன் மச்சான்! உங்க லைனே கிடைக்கல. முடிஞ்ச வரைக்கும் நிறுத்தி வச்சுப் பார்த்தேன்."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இரைப்புதான் வந்தது.

"பேசாதீங்க. உக்காந்து மூச்சு வாங்கிக்கங்க."

ஈரம் காயாத மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநேரம் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தான். பதிலுக்குக் கேலி பண்ண அவள் இல்லை.